இடப்பக்க ஜன்னலில் தெரிந்த மலைச்சாலை

ஹோல்டிங் என்று நான் வாயெடுத்ததுமே நீங்கள் பேனாவை எடுத்துத் தாளில் முட்டை வடிவம் போட ஆரம்பித்துவிடுகிறீர்கள். எந்தத் திசையிலிருந்து வந்தால் எப்படி அதற்குள் நுழைவது, காற்று தள்ளினால் எவ்வளவு திருப்பிப் பிடிப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தெரியாவிட்டாலும் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்துவிடும். அந்த வட்டத்துக்குள் சுற்றிக்கொண்டிருக்கும்போது மனுஷ மனம் என்னென்ன சேட்டை பண்ணும் என்பதை மட்டும் அது சொல்லாது. நான் அதைத்தான் சொல்லப் போகிறேன். ரிட்டயர் ஆன பொம்பளை கதையளக்கிறாள் என்று கொட்டாவியை அடக்கிக்கொண்டு உட்கார வேண்டாம். தூக்கம் வந்தால் இங்கேயே தூங்கிக்கொள்ளுங்கள், காக்பிட்டில் தூங்காதீர்கள்.

நேற்றுத்தான் பயிற்சியில் சேர்ந்த பிள்ளைகளும் உங்களில் இருப்பதால் ஒரு வார்த்தை விளக்கிவிடுகிறேன். ஓடுதளத்தில் மழை கொட்டுகிறது, இறங்க முடியாது என்றால், வருகிற விமானங்களை ஓர் இடத்துக்கு மேலே வட்டமடிக்கச் சொல்வார்கள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக, ஆயிரம் அடி இடைவெளியில். இறங்குகிற முறை கீழே இருப்பதற்குத்தான் முதலில் வரும். பஸ் ஸ்டாண்டுக்குள் இடமில்லாமல் ரோட்டோரம் வரிசையாக நிற்கும் பஸ்கள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பஸ்காரன் எஞ்சினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம், நம்மால் முடியாது. தரையிலிருந்து கண்ட்ரோலர் சொல்வதற்குப் பெயர் கிளியரன்ஸ். அது அனுமதிதான், ஆனால் காதில் விழும்போது உத்தரவு மாதிரியே இருக்கும். நம்மை மாதிரி பெரியவர்கள் சொன்னதைத் தட்டாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அங்கேதான் வினை ஆரம்பம்.

நான் போடிநாயக்கனூர்க்காரி. அப்பா ஏலக்காய் வியாபாரி, மேலே மலையில் சின்னதாக ஒரு தோட்டமும் உண்டு. விமானம் ஓட்டப் போகிறேன் என்று நான் சொன்னபோது, எங்கள் வீட்டில் அழுகையும் சமாதானமுமாக நடந்த கூத்தை விட்டுவிடுகிறேன், அது தனி ராமாயணம். பல வருஷம் வலது சீட்டில் கோ-பைலட்டாக உட்கார்ந்து, கடைசியில் இடது சீட்டுக்கு, அதாவது கேப்டன் ஆவதற்கு, எனக்குப் பரீட்சை வந்தது. முதல் தடவை தேறவில்லை. பரிசோதகர் ஒரே ஒரு காரணம்தான் சொன்னார். கை சுத்தமாக ஓட்டுகிறது, ஆனால் எதற்கெடுத்தாலும் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கிறாய், கேப்டனுக்கு யாரும் தலையாட்ட மாட்டார்கள் என்றார். எங்கள் கம்பெனியில் இரண்டு வாய்ப்புதான். இரண்டாவதிலும் கோட்டைவிட்டால் ரிட்டயர் ஆகும்வரை வலது சீட்டுதான்.

அந்த இரண்டாவது பரீட்சையைப் பற்றித்தான் சொல்கிறேன். ஐப்பசி மாதம், தீபாவளி நெருக்கம். கொச்சியிலிருந்து மதுரை. ரெண்டு காற்றாடி வைத்த எழுபது சீட்டு விமானம், ஒரு சீட்டுகூடக் காலியில்லை. இடது சீட்டில் நான். வலது சீட்டில் வேறொரு பரிசோதகர், வடக்கத்திக்காரர். விமானம் கிளம்பும் முன்பே சொல்லிவிட்டார், இன்றைக்கு நான் உன் கோ-பைலட், கேட்டதைச் செய்வேன், கேட்காததைச் செய்ய மாட்டேன் என்று. அதற்கப்புறம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

இதற்கு நடுவே எங்கள் அப்பா என்ன செய்தார் தெரியுமா? பரீட்சை என்று ஒரு வார்த்தை போனில் சொன்னதற்கு, மகள் கேப்டன் ஆகி வந்து இறங்கப் போகிறாள் என்று முடிவே கட்டிவிட்டார். சித்தப்பா, அத்தைமார் என்று ஒரு வேன் நிறைய ஏற்றிக்கொண்டு, மாலையும் கையுமாக மதுரை விமான நிலையத்தில் வந்து நின்றுவிட்டார். எனக்கு இது கொச்சியில் கிளம்பும்போதுதான் தெரியும். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைக்கிற கதை.

மலையைத் தாண்டும்போதே மதுரையில் இடிமழை என்று தகவல் வந்தது. கண்ட்ரோலர் எங்களை மதுரைக்கு மேற்கே வழியிலேயே நிறுத்தி வட்டமடிக்கச் சொன்னார். அந்த இடம் எது என்கிறீர்கள்? போடிக்குச் சற்றுத் தெற்கே. என் ஊர் எனக்குக் கீழே, நடுவில் கம்பளி விரித்த மாதிரி மேகம். எங்களுக்கு மேலே இரண்டு விமானங்கள் வந்து சேர்ந்துகொண்டன. நாங்கள்தான் கீழ்த்தட்டு.

வட்டத்துக்குள் நுழைந்ததும் நான் முதலில் செய்த காரியம், எண்ணெய்க் கணக்கைப் பார்த்து, இந்த அளவுக்கு வந்ததும் காத்திருப்பதை விட்டுவிட்டு நேரே கோயம்புத்தூர் போகிறோம் என்று பரிசோதகரிடம் வாய்விட்டுச் சொன்னது. இதைப் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மனம் நிதானமாக இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், இன்னும் ஒரே ஒரு சுற்று, இன்னும் ஒரே ஒரு சுற்று என்று மனம் கடன்காரனிடம் தவணை கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது சுற்றோ நான்காவதோ, மேற்கே பார்த்துப் போய்க்கொண்டிருந்தோம். அப்போது கண்ட்ரோலர் கூப்பிட்டார். இளம் குரல், பதறாத குரல். ஓடுதளத்தில் மழை சற்று விட்டிருக்கிறது, ஆனால் அடுத்த மழை கிழக்கிலிருந்து வந்துகொண்டிருக்கிறது என்றார். உங்களுக்குத் தரை தெரிகிறதா, மலையைக் கண்ணால் பார்த்து விலகி அங்கேயே கீழே இறங்க முடியுமானால் நேராக உள்ளே வரலாம், முடியாது என்றால் இருக்கும் உயரத்திலேயே காத்திருங்கள் என்றார். அவர் கேட்டதில் ஒரு குறையும் இல்லை. ஒரு நல்ல கண்ட்ரோலர் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

சொல்லிவைத்தாற்போல அதே நேரத்தில், என் இடப்பக்க ஜன்னலுக்குக் கீழே மேகம் விலகியது. பச்சைச் சரிவு. அதில் கொண்டை ஊசி வளைவுகளோடு ஒரு மலைச்சாலை, கோலம் போட்ட மாதிரி துல்லியமாக. ஒரு வளைவில் வெள்ளையாக ஒரு ஜீப்பு ஊர்ந்து போனது. எனக்கு நெஞ்சு துள்ளியது. போடிமெட்டுச் சாலை! சின்ன வயசில் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் வளைவுக்கு வளைவு ஜீப்பை நிறுத்தி நான் வாந்தியெடுத்த சாலை அது, எனக்குத் தெரியாதா? அந்த மலைக்குக் கிழக்கே சமவெளி. ஓட்டைக்குள் இறங்கி, கிழக்கே திரும்பினால் ஒரு தடையும் கிடையாது. தேனி, உசிலம்பட்டி, மதுரை. பத்து நிமிஷத்தில் மாலையும் கழுத்துமாக நிற்கலாம்.

பரிசோதகர் அப்போதுதான் வாய் திறந்தார். "இது உன் சொந்த ஊர் இல்லையா? இந்த மலையெல்லாம் உனக்கு நன்றாகத் தெரிந்திருக்குமே" என்றார் ஆங்கிலத்தில். முகத்தில் ஒன்றும் இல்லை. தூண்டில் போடுகிறாரா, நிஜமாகவே உதவுகிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

என் கை மைக் பொத்தானுக்குப் போய்விட்டது. ஆனால் வாயில் வந்தது "ஸ்டாண்ட்பை" என்ற ஒரு வார்த்தை. கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். பிள்ளைகளே, நம் தொழிலில் இதைவிட மலிவான, இதைவிட உசத்தியான சொல் வேறு இல்லை. யாரும் கோபிக்க மாட்டார்கள்.

ஏன் அதைச் சொன்னேன்? எங்கள் அப்பாவிடம் ஒரு பழக்கம். ஏலக்காய் வாங்க வருகிறவர்கள் விலை கேட்டால், முதலில் சல்லடையில் சலிப்பார், அப்புறம் லிட்டர் வெயிட் போடுவார், அதாவது ஒரு லிட்டர் படியில் அளந்து எடை பார்ப்பார். அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பார். சொந்தத் தோட்டத்துக் காய்க்கும் அதே கதைதான். அம்மா ஒருமுறை, நம்ம காய் நமக்குத் தெரியாதா, இதுக்கு எதுக்கு இத்தனை சோலி என்று அலுத்துக்கொண்டதற்கு அவர், "நம்ம காயின்னாத்தான் கண்ணு கூடுதலாப் பொய் சொல்லும்" என்றார். வீட்டில் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லி அவரைக் கேலி பண்ணுவோம். அந்த மேகத்துக்கு மேலே எனக்குக் கேலி வரவில்லை.

கண்ணை ஜன்னலிலிருந்து பிடுங்கிக் கருவிக்குத் திருப்பினேன். நான் மேற்கே பார்த்துப் போகிறேன். திசை காட்டுகிற ஊசியும் தூரமும் சொல்கிற கணக்குப்படி போடி எனக்கு வடக்கே. மேற்கே போகிறவளுக்கு வடக்கு எந்தக் கை? வலது கை. நான் சாலையைப் பார்த்ததோ இடது பக்கத்தில்.

அப்படியென்றால் அது போடிமெட்டு இல்லை. தெற்கே சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறுகிற சாலை. அதற்கும் கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, அதிலும் ஜீப்பு ஏறும், ஆகாயத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒட்டிப் பிறந்த பிள்ளைகள். ஆனால் அந்த மலைக்குக் கிழக்கே சமவெளி கிடையாது. கிழக்கே இன்னும் மலை. உயர்ந்த மலை, மேகத்துக்குள் தலையை மறைத்துக்கொண்டு நிற்கிற மலை. ஓட்டைக்குள் இறங்கி, தெரிந்த ஊர் என்ற தைரியத்தில் கிழக்கே திரும்பியிருந்தால், எழுபது குடும்பத்துக்குத் தீபாவளி இல்லை. வெளியூர்க்காரன் எவனும் அந்தத் தப்பைப் பண்ணியிருக்க மாட்டான், அவனுக்குப் போடிமெட்டும் தெரியாது, மேகமலையும் தெரியாது. அது ஊர்க்காரி மட்டுமே பண்ணக்கூடிய தப்பு.

ஆனாலும் நான் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. பொத்தானை அழுத்தி, "அனேபிள்" என்றேன். முடியாது. இதே உயரத்தில் காத்திருக்கிறோம், எங்கள் முறையை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. கண்ட்ரோலர் நன்றி சொல்லிவிட்டு, எங்களுக்கு மேலே இருந்த விமானத்திடம் அதே கேள்வியைக் கேட்டார். அதை ஓட்டியவர் மூத்த கேப்டன். முழங்குகிற குரல், அதுவரைக்கும் இன்னும் எவ்வளவு நேரம், இன்னும் எவ்வளவு நேரம் என்று ரேடியோவில் அரித்துக்கொண்டே இருந்தவர். அவர் குரல் இறங்கி, "நாங்களும் அனேபிள்" என்றார். மூன்றாவது விமானத்திடம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை, அவர்களே முந்திக்கொண்டு முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வட்டத்தில் சுற்றிய எல்லாருக்கும் அந்தச் சொல் தொண்டைவரை வந்து நின்றிருக்கிறது, யாராவது முதலில் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். அந்த யாராவது நானாக இருந்தேன். இதைப் பெருமையாகச் சொல்கிறேன், பெருமைப்பட வேண்டிய விஷயம்தான்.

அடுத்த சுற்றில் அதே இடத்துக்கு வந்தபோது ஓட்டை இல்லை. மேகம் மூடிக்கொண்டுவிட்டது. நான் முதலில் சொல்லிவைத்த எண்ணெய் அளவும் வந்துவிட்டது. இந்தத் தடவை நான் அனுமதி கேட்கவில்லை. கோயம்புத்தூர் போகிறோம், வழி கொடுங்கள் என்று சொன்னேன். உடனே கொடுத்தார்.

கோயம்புத்தூரில் இறங்கியதும் பயணிகள் கொதித்துவிட்டார்கள். முன்வரிசையில் ஒருவருக்கு மகள் நிச்சயதார்த்தமாம், எழுந்து நின்று கத்தினார். பணிப்பெண்கள் பாவம், எவ்வளவு நேரம் சமாளிப்பார்கள். நானே கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றேன். எழுதிவைத்த அறிவிப்பைப் படிக்கவில்லை, நம்ம ஊர்ப் பேச்சிலேயே பேசினேன். "நான் போடிக்காரி. நாம சுத்துனது எங்க ஊருக்கு மேலதான். எனக்கே எங்க ஊரு எதுன்னு கண்ணால சொல்ல முடியல. அந்த நெலமையில உங்கள எறக்க எனக்கு மனசு வரல" என்றேன். நிச்சயதார்த்தக்காரர் உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டாருக்குப் போன் போட்டு, மெதுவாத்தான் வருவோம், நல்லபடியா வருவோம் என்றார். அதற்கப்புறம் யாரும் கத்தவில்லை.

காக்பிட்டுக்குத் திரும்பினால் பரிசோதகர் மடியில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். ஏன் மறுத்தாய் என்று கேட்டார். இடது கை, வலது கை கணக்கைச் சொன்னேன். அவர் விரலால் போடியைத் தொட்டார், மேகமலையைத் தொட்டார், கிழக்கே இருக்கும் உயரங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். "மேகம் மூடிவிடும் என்பதற்காக நான் மறுத்திருப்பேன். அது வேறு மலை என்று எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். அப்புறம் வரைபடத்தை மடித்துவிட்டு, கேப்டன், எண்ணெய் எவ்வளவு போடச் சொல்லட்டும் என்று கேட்டார். அந்தக் கேப்டன் யார் என்று எனக்கு உறைக்க ஒரு நொடி பிடித்தது.

மழை விட்டதும் கிளம்பி, பொழுது சாய மதுரையில் இறங்கினோம். வேன் கூட்டம் அப்படியே நின்றது, மாலை மட்டும் வாடிப்போயிருந்தது. விமானம் கோயம்புத்தூருக்கு ஓடிவிட்டது என்று தெரிந்து, எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் சித்தப்பாவுக்கு வாய் சும்மா இருக்காது. பரிசோதகர் என் பக்கத்தில் நிற்கும்போதே, "என்னத்தா, மழைக்குப் பயந்து ஓடிட்டியாமுல்ல?" என்று கேட்டுவிட்டார். பரிசோதகர் என்ன என்று கேட்க, நான் மொழிபெயர்த்தேன். அவர் சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னதை நான் வெட்கத்தோடு தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. மேலே மூன்று விமானம் சுற்றியது, மற்ற இரண்டும் உங்கள் பெண்ணைப் பார்த்துத்தான் ஓடின என்றார்.

சித்தப்பா மெல்ல அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார். அப்பா வாடின மாலையை எடுத்து என் கழுத்தில் போட்டுவிட்டு, "வெரசா வந்துருவன்னு நெனச்சேன். நின்னு வந்தியே, அதுதான்த்தா சந்தோசம்" என்றார். விமான நிலையத்து வாசலில், யூனிஃபாரத்தோடு, எல்லாரும் பார்க்க நான் அழுதேன். அதற்காக நான் இன்றுவரை வெட்கப்பட்டதில்லை.

இத்தோடு நிறுத்தினால், எல்லாவற்றுக்கும் முடியாது என்று சொல்லிக்கொடுத்த கிழவி என்று என்னைப் பேசுவீர்கள். அதனால் மிச்சத்தையும் கேளுங்கள். தோளில் கேப்டனுக்கான நாலாவது பட்டை ஏறிய பிறகு, தை மாதத்தில் ஒரு காலை, அதே கொச்சி மதுரை. வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அதே இடத்துக்கு வந்தபோது அதே இளம் குரல் அதே கேள்வியைக் கேட்டது. தரை தெரிகிறதா, பார்த்து இறங்க முடியுமா?

ஸ்டாண்ட்பை என்றேன். முதலில் ஊசியைப் பார்த்தேன். இப்போது கிழக்கே போகிறேன், போடி என் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். அப்புறம்தான் ஜன்னல். இடது பக்கத்தில் போடிமெட்டின் வளைவுகள், அதற்கு அந்தப் பக்கம் குரங்கணிச் சரிவு, அடிவாரத்தில் வெள்ளைச் சுவர்களும் ஓடுகளுமாக என் ஊர், அது முடிந்ததும் தடையே இல்லாமல் கிழக்கே விரிந்துகிடந்த சமவெளி. கருவியும் கண்ணும் ஒரே ஊரைக் காட்டின.

முடியும் என்றேன். இறங்க அனுமதி வந்தது. ரேடியோவில் ஆங்கிலம்தான் பேச வேண்டும், அது விதி. அந்தத் தம்பி அன்றைக்கு ஒரே ஒரு வரி அதை மீறினார்.

"அன்னைக்கு முடியாதுன்னு சொன்ன கேப்டன்தானே? எறங்கி வாங்க."

என் ஊரின் தலைக்கு மேலே, என் கையால், வாய் கொள்ளாத சிரிப்போடு இறங்கினேன்.